பன்னிரண்டாவது முட்டை

சாவோ தீவு
6 செப்டம்பர் 1991, வெள்ளி

அன்புள்ள மாட்லின் அக்காவுக்கு,

எட்னா எழுதுகிறேன். நீ ஆறு மாதமாக எழுதவில்லை. நானும் எழுதவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இது நாலாவது.

நாளைக் காலையில் ஹட்சன் அண்ணன் ஹோனியாரா பட்டணத்துச் சந்தைக்குப் படகு எடுக்கிறான். அவனிடம் ஒரு கூடை கொடுத்தனுப்புகிறேன். பதினொரு மணல்கோழி முட்டை. எல்லாம் நம் குடும்பத்துப் பங்கு மணலில் நானே தோண்டியவை. தினமும் கிளறுகிற குழிகளில் எடுத்ததால் குஞ்சு பிடித்திருக்காது. நீ வேலை பார்க்கிற வீட்டுக்கார அம்மாவுக்குக் கொடு, அல்லது நீயே சாப்பிடு.

அம்மா போன பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. விடியும் நேரத்தில் மணலுக்குப் போகிறேன், வந்து சமைக்கிறேன். தேங்காய்ப்பாலில் முட்டையை அடித்து ஊற்றி, மரவள்ளிக் கிழங்கோடு அப்பாவுக்குக் கொடுக்கிறேன். அம்மா செய்தால் கெட்டியாக, மஞ்சளாக வரும். நான் செய்தால் பால் தனி, முட்டை தனி. அப்பா எதுவும் பேசாமல் சாப்பிடுவார். நேற்று மட்டும், "நல்லாத்தான் இருக்கு. பல்லுக்கு வேலையே இல்ல" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். ஜெருஷா பெரியம்மா இறந்தபோது அவள் பங்கு மணலைச் சுற்றி மாமா ஓலை கட்டி மூடினார் இல்லையா, அந்த ஒரு வருஷத் தடை முடியப்போகிறது. நவம்பர் ஒன்பதாம் தேதி ஓலையை அவிழ்த்து விருந்து வைக்கிறார். அன்று நம் குடும்பத்துப் பெண்கள் எல்லாருடைய பெயரையும், இருக்கிறவர்கள் போனவர்கள் எல்லாரையும், மணலைப் பார்த்துக் கூப்பிட வேண்டும்.

மாமா வீட்டுக்கு வந்து சொன்னார்: "கெசியா பேரை நான் கூப்பிட மாட்டேன். புருஷனையும் ரெண்டு பொண்ணையும் விட்டுட்டு இன்ஜின்காரன் மோஸ்டினோட படகு ஏறிப் போனவ. ஆனா பொண்ணுங்க ரெண்டு பேரும் சம்மதம் சொல்லணும். அதான் முறை."

கூப்பிடாமல் விட்ட பெயரை அதன் பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள். பிறக்கிற குழந்தைக்கும் வைக்க மாட்டார்கள். அம்மா என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

எனக்குச் சம்மதம் இல்லை. மாமா முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

எட்னா


ஹோனியாரா
8 செப்டம்பர், ஞாயிறு

எட்னா,

மாமா சொன்னதுதான் சரி. அவர் பெயரை விடட்டும். எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிடு. மணல்கோழி என்ன செய்யும்? எரிமலைச் சூடு ஏறின மணலில் குழி பறிக்கும், முட்டையைப் புதைக்கும், கிளம்பிப் போகும். குஞ்சு தானாக வெளியே வந்து தானாகப் பறக்கும். தாய் அது முகத்தைக்கூடப் பார்க்காது. நம்மைப் பெற்றவளும் அந்த இனம் போலிருக்கிறது. பறவையின் பெயரைச் சொல்லி யாராவது விருந்து வைப்பார்களா?

நீ பள்ளிக்கூடத்தை விட்டது எனக்குத் தெரியாது. அப்பா ஏன் விட்டார்? நீயும் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய்? உன்னை அரிவாளால் வெட்டினால்கூட "பரவாயில்லை" என்று மனசுக்குள்ளே சொல்லிக்கொள்வாய்.

ஏழு வருஷம் படித்தவளுக்கு எண்ணவாவது தெரிய வேண்டும். பதினொன்று என்று எழுதியிருக்கிறாய். கூடையில் பன்னிரண்டு இருந்தது.

பன்னிரண்டாவதன் மேல் கரி வைத்த கட்டைவிரல் அடையாளம். அம்மா எனக்கென்று தனியாக வைக்கிற முட்டையில் வைப்பாளே, "இது வீட்டுக்காரம்மாவுக்கு இல்ல, உனக்கு" என்று, அதே மாதிரி. எட்னா, இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. நீ அன்போடு செய்திருந்தாலும் பிடிக்கவில்லை. அதை நான் சாப்பிடவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். படகில் மூன்று மணி நேரம் வந்த முட்டை, ஒரு ராத்திரி முழுக்க ஜன்னலில் இருந்த முட்டை, காலையில் தொட்டால் ஏன் சூடாக இருக்கிறது?

மாட்லின்


சாவோ
13 செப்டம்பர், வெள்ளி

அன்புள்ள அக்கா,

நான் பதினொன்றுதான் வைத்தேன். கரி வைக்கவில்லை. சத்தியம்.

இன்றைக்கும் பதினொன்றுதான் வைக்கிறேன். ஹட்சன் அண்ணனை உட்கார வைத்து எண்ணச் சொன்னேன். சொன்னேன் என்றால், கூடையை அவன் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். அவனுக்குப் புரிந்தது. உரக்க எண்ணினான். "பதினொண்ணு. போதுமா? சந்தைக்காரனுக்கே கணக்குச் சொல்லிக் குடுக்கறியா? உன்னைவிட இந்த முட்டைங்க அதிகம் பேசும் போல இருக்கு, எட்னா."

அவன் முன்னாலேயே மேலே பெரணி இலை பரப்பி, காட்டுக்கொடியால் இறுக்கிக் கட்டினேன். முடிச்சு என் முடிச்சு. நீதான் அவிழ்க்க வேண்டும்.

உன் சம்மதத்தை நான் இன்னும் மாமாவிடம் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று உனக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பாய். ஜூன் மாதத்திலிருந்து ஒரு மணல்கோழி நம் சமையல்கட்டுக்கு வருகிறது. இளசு. இன்னும் முழு வளர்த்தி இல்லை. மணல்கோழி வீட்டுப் பக்கம் வராது என்று உனக்கே தெரியும். மனிதர் நிழல் பட்டாலே காட்டுக்குள் ஓடிவிடும். இது கதவு வழியாக நடந்து வந்து, அடுப்புக்கு இடப்பக்கம் உட்காருகிறது. அம்மா உட்காருகிற இடத்தில். நான் அடுப்பு ஊதும்போது என்னைப் பார்க்கிறது. தானியம் போட்டால் தின்பதில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மணல் பக்கம் போய்விடுகிறது.

அப்பா அதை விரட்டக் கட்டையை எடுத்தார். எடுத்துவிட்டு, அடிக்காமல் கீழே வைத்தார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் அவர் காலை நீட்டுவதில்லை.

எட்னா


ஹோனியாரா
15 செப்டம்பர், ஞாயிறு

எட்னா,

உன் முடிச்சை நான்தான் கத்தியால் அறுத்தேன். இலை கலையவே இல்லை. பன்னிரண்டு.

கரி விரல் அடையாளம் இருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பருத்த முனையில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அவிக்கப் போட்டால் அது வழியாகத் தண்ணீர் உள்ளே போகுமே என்று மேல் ஓட்டைத் தட்டி உடைத்தேன். உள்ளே வெந்திருந்தது. சாம்பலில் சுட்ட முட்டை. மஞ்சள் கரு ஓரத்தில் பழுப்பாகி, நடுவில் இளகி, அம்மா சுடுகிற பக்குவம்.

சாம்பலில் போடுமுன் எலுமிச்சை முள்ளால் ஓட்டை போடுவது அவள் மட்டும்தான். நான் ஒரு தடவை போட மறந்து, முட்டை வெடித்து அப்பா நெற்றியில் போய் ஒட்டியதே, நினைவிருக்கிறதா? "நெத்திக்கண்ணு திறந்துடுச்சு, எல்லாரும் ஓடுங்க" என்று அம்மா தரையில் உருண்டு சிரித்தாள். உனக்கு அந்தக் கை வராது. போன கடிதத்தில் பால் தனி, முட்டை தனி என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அதனால் நேராகக் கேட்கிறேன். அவள் திரும்பி வந்துவிட்டாளா? மோஸ்டின் துரத்திவிட்டானா? வீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்து நீங்கள் இரண்டு பேரும் சோறு போடுகிறீர்களா? என் மனசை இளக்கத்தான் முட்டை அனுப்புகிறாளா?

அப்படியானால் அவளிடம் சொல். ஆறு மாதமாக நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தையில் அவளைப் போலச் சிவப்புத் துணி கட்டின பெண்களின் முன்னால் போய்ப் போய் முகம் பார்க்கிறேன். துறைமுகத்தில் ஒவ்வொரு படகிலும் ஏறிப் பார்க்கிறேன். "யாரைத் தேடறே பொண்ணே?" என்று கேட்டால் "யாரையுமில்லை" என்கிறேன். அவளுக்கு அது தெரியட்டும். அவள் முட்டை எனக்கு வேண்டாம்.

சாப்பிடவில்லை. நாய்க்குப் போட்டேன். நாய் மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கிப் போய்ப் படுத்துக்கொண்டது.

மாட்லின்


சாவோ
27 செப்டம்பர், வெள்ளி

அக்கா,

போன வாரம் கடல் கொந்தளிப்பு. படகு வரவில்லை. நல்லதாயிற்று என்று நினைத்தேன். எழுதாமல் இருக்கலாமே.

அம்மா இங்கே இல்லை. வீட்டுக்குப் பின்னாலும் இல்லை.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். மூடிய மணலைப் பார்த்துவிட்டேன்.

ஓலை கட்டிய பங்கைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று நமக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். பெரியம்மா பங்கு நம் பங்குக்கு அடுத்தது என்பதால் நான் தினமும் கழுத்தைத் திருப்பியே தோண்டுகிறேன். செவ்வாய்க்கிழமை அந்த இளம் கோழி சமையல்கட்டிலிருந்து எழுந்து போனபோது நானும் பின்னால் போனேன். அது ஓலைத்தட்டிக்கு அடியில் நுழைந்தது. நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அக்கா, கிளறாத மணல் இறுகிப்போகும். அதனால்தானே தோண்டி முடித்ததும் மணலை உதிர்த்துப் போட்டுவிட்டு வருகிறோம், கோழிக்கு வசதியாக இருக்கட்டும் என்று. பெரியம்மா பங்கில் பத்து மாதமாக ஒரு கை படவில்லை. மேலெல்லாம் ஓடு மாதிரி கட்டிக் கிடக்கிறது. கோழிகள் அங்கே வரவே கூடாது. ஆனால் வருகின்றன. இருபது முப்பது இருக்கும். எல்லாம் ஒரே இடத்தில். நடுவில், காட்டுப்புளி மரத்துக்கு நேராக, பாய் அகலத்துக்கு மணல் பொலபொலவென்று இருக்கிறது. அங்கே மட்டும் முறைபோட்டுப் பறிக்கின்றன. மற்ற இடத்தில் ஒரு கால் தடம் இல்லை.

அந்த இடத்தில் மட்டும் மணலை உதிர்த்தது யார்?

மாமாவிடம் போனேன். வாசலில் நின்றேன். "என்ன?" என்றார். "கோழி..." என்றேன். "எந்தக் கோழி?" "பெரியம்மா மணல்ல..." அவ்வளவுதான் வந்தது. அவர் எழுந்தே விட்டார். "மூடின மணலை எதுக்குப் பாத்தே? கண்ணு அவியணுமா உனக்கு? அம்மா புத்தி அப்படியே வந்திருக்கு!" நான் வந்துவிட்டேன்.

கூடையில் பதினொன்று.

எட்னா


ஹோனியாரா
29 செப்டம்பர், ஞாயிறு

எட்னா,

பன்னிரண்டு. எண்ணுவதை விட்டுவிட்டேன். கையை விட்டால் சூடாக இருப்பது தானாக விரலில் படுகிறது.

இந்தத் தடவை சாப்பிட்டேன். சமையலறையில் நின்றபடியே ஓட்டை உரித்து, உப்புக்கூட இல்லாமல். ருசி அப்படியே இருந்தது. கடைசிக் கடியில் பல்லில் மணல் நெறுநெறுத்தது. வாயைக் கொப்பளித்தேன். இன்னும் நெறுநெறுக்கிறது.

நேற்று துறைமுகத்தில் மோஸ்டினைப் பார்த்தேன். ஆமாம், அவனைத்தான். எண்ணெய் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்துவிட்டேன். "எங்கம்மா எங்கேடா?"

"உங்கம்மாவா? எனக்கென்ன தெரியும்?"

"மார்ச்சுல உன் படகுல ஏறினாளே. செவப்புத் துணி கட்டிக்கிட்டு."

"அடிப்பாவி! அன்னிக்கு ஏறினது எங்க அத்தை! செவப்புத் துணி கட்டினவ எல்லாம் உங்கம்மாவா? எங்க அத்தைக்கு அறுபது வயசு, கேட்டா ரொம்பச் சந்தோஷப்படும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "சாவோவுல அப்படியா பேசிக்கறாங்க? எனக்குச் சத்தியமா தெரியாது, மாட்லின்."

அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவன் அத்தையை உள்ளே இழுக்க மாட்டான்.

எட்னா, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆறு மாதமாகக் கேட்கப் பயந்தது. மார்ச் மாதம் நான் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டியது யார்? நீதானா? எது வரைக்கும் வாசித்தாய்?

மாட்லின்


சாவோ
4 அக்டோபர், வெள்ளி

அன்புள்ள அக்கா,

நான்தான் வாசித்தேன். முழுதும் வாசித்தேன்.

"வீட்டுக்கார அம்மா சனிக்கிழமை விருந்து வைக்கிறாள். முப்பது முட்டை கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். முப்பதும் வந்தாக வேண்டும். மற்ற வீட்டுத் தாய்கள் பிள்ளைகளுக்கு என்னவெல்லாமோ செய்கிறார்கள். நீ எனக்கு ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. இதையும் செய்யாவிட்டால் எனக்கு அம்மா இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்." இப்படி எழுதியிருந்தாய். எனக்கு மனப்பாடம்.

கடைசி இரண்டு வரியை நான் விட்டிருக்கலாம். அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எனக்கு வாசிக்கத்தான் தெரியும், இட்டுக்கட்டத் தெரியாது. எழுதியிருந்ததை வாசித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "அவளுக்குக் கோவம் வந்தா எழுத்துகூடக் குண்டுகுண்டா வரும் போல" என்று தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று நம் பங்கில் கிடைத்தது பதினொன்று. அம்மா திரும்பத் திரும்ப எண்ணினாள். "பதினொண்ணு. இன்னும் பத்தொன்பது. மணல் என்ன, நான் கேட்டா போடுமா?" என்றாள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மணல் தோண்டுகிற தேங்காய்ச் சிரட்டையையும் வலைப்பையையும் எடுத்தாள். "இப்பவா?" என்றேன். "ஜெருஷா என் கூடப்பொறந்தவ. கோச்சுக்க மாட்டா" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அடுப்பில் கிழங்கு தீய்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அன்று ராத்திரி பெரிய மழை.

மறுநாள் எல்லாரும் தேடினார்கள். நம் பங்கில் ஆழமாகவே தோண்டிப் பார்த்தார்கள். அடுத்த பங்கை ஒருவரும் பார்க்கவில்லை. அது மூடியது. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார்கள். மணலில் எப்போதும் அடிக்கிற, அழுகின முட்டை போன்ற கந்தக நாற்றம்தான், அதனால் அதுவும் யாருக்கும் வேறாகத் தோன்றவில்லை.

ஊர்க்கூட்டத்தில் ஒருத்தி சிவப்புத் துணியை மோஸ்டின் படகில் பார்த்தேன் என்றாள். மாமா என்னிடம் திரும்பி, "உங்கம்மா அந்தப் படகுலயா போனா? நீதான் கடைசியாப் பாத்தவ. சொல்லு" என்றார். நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை எல்லாரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இனி நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அந்தக் கோழி நேற்று முழுநாளும் அடுப்பருகே இருந்தது. நான் அழுதபோது அது எழுந்து வந்து என் காலருகே மணலைப் பறிப்பதுபோல மண்தரையைப் பறித்தது. பறித்துப் பறித்து நகம் உடைந்தது. நிறுத்தவில்லை.

எட்னா


ஹோனியாரா
6 அக்டோபர், ஞாயிறு

எட்னா,

உன்னை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ எழுதியிருந்ததை வாசித்தாய். எழுதினவள் நான்.

அந்த விருந்துக்கு முட்டை வரவில்லை. வீட்டுக்கார அம்மா, "பரவால்ல மாட்லின், மீன் இருக்கே" என்றாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி நான் கோபத்தில் படுத்தேன், அம்மா வேண்டுமென்றே அனுப்பவில்லை என்று. அவள் ஓடிப்போனாள் என்று கேட்டதும் எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நான் முன்பு எழுதிய சம்மதத்தைக் கிழித்துப் போடு. இப்போது நீ செய்ய வேண்டியது இது. உனக்குப் பேச வராது. ஆனால் வாசிக்க வரும். கீழே மாமாவுக்கு எழுதியிருக்கிறேன். அவர் வீட்டுக்குப் போ. நின்றுகொள். வாசி. ஒரு வரியையும் விடாதே. அவர் கத்தினால் நிறுத்து, கத்தி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து வாசி.

பெனுவேல் மாமாவுக்கு, கெசியாவின் மூத்த மகள் மாட்லின் சொல்வது. எங்கள் அம்மா எந்தப் படகிலும் ஏறவில்லை. மோஸ்டினை நான் நேரில் கேட்டேன். அவள் ஜெருஷா பெரியம்மாவின் மூடிய மணலுக்குள் போனாள். முறையை மீறித்தான் போனாள். அவளை மீற வைத்தது நான் கேட்ட முப்பது முட்டை. குற்றம் என்னுடையது, அதற்கு ஈடாகப் பன்றி கேட்டாலும் பாய் கேட்டாலும் நான் தருகிறேன். ஆனால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தினமும் கடந்து போகிற இடத்தில் உங்கள் தங்கை இருக்கிறாள். கோழிகளுக்குத் தெரிகிறது. உங்களுக்குத் தெரிய வேண்டாமா? நவம்பர் வரை காத்திருக்காதீர்கள். ஓலையை அவிழுங்கள்.

மாட்லின்


சாவோ
1 நவம்பர், வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வாரமாக எழுதாததற்கு மன்னித்துவிடு. தாளை மடியில் வைத்துக்கொண்டு மாமா வீட்டு வாசல் வரை ஏழு தடவை போய்த் திரும்பினேன். எட்டாவது தடவை, போன திங்கட்கிழமை, அந்தக் கோழி எனக்கு முன்னால் நடந்து அவர் வீட்டுப் படியில் ஏறி உட்கார்ந்தது. பிறகு நான் எப்படித் திரும்புவது?

வாசித்தேன். முதல் வரி எனக்கே கேட்கவில்லை. மாமா, "என்னது? காத்துகிட்ட பேசறியா?" என்றார். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். "முறையை மீறித்தான்" என்ற இடத்தில் கத்தினார். நிறுத்தினேன். முடித்ததும் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். "உங்கள் தங்கை இருக்கிறாள்" என்று வந்தபோது அவர் உட்கார்ந்துவிட்டார். அத்தை வெளியே வந்து, "எட்னாவா பேசறது? இவளுக்கு இவ்ளோ குரலா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அன்றே ஓலையை அவிழ்த்தார்கள். மண்வெட்டி வேண்டாம் என்று மாமா சொன்னார். ஆண்கள் கையாலும் சிரட்டையாலும் தோண்டினார்கள். கோழிகள் பறந்து போகவில்லை. கொஞ்சம் தள்ளி வட்டமாக நின்றன.

தோள் ஆழத்தில் அம்மாவின் சிரட்டை கிடைத்தது. பிறகு சிவப்புத் துணி. பெண்களைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். நான் திரும்பவில்லை. ஏழு மாதம் திரும்பியது போதும்.

மணல் சரிந்து தலைகீழாக விழுந்திருக்கிறாள், கை முன்னால் நீண்டிருந்தது. கையைச் சுற்றி, தோளுக்கடியில், கூந்தலுக்குள், எங்கே தொட்டாலும் முட்டை. இந்த மாதங்களில் கோழிகள் வந்து வந்து அவள் மேல் இட்டவை. இடுப்பில் உன் கடிதம் இருந்தது. எழுத்து எல்லாம் போய்விட்டது. வெறும் தாள்.

வலைப்பையில் ஒரே ஒரு முட்டை எடுத்துப் போட்டிருக்கிறாள். அதாவது, ஓடு மட்டும். உள்ளிருந்து உடைத்துத் திறந்தது. குஞ்சு எப்போதோ மேலே ஏறிப் போய்விட்டது. ஓட்டின் மேல் கரி வைத்த கட்டைவிரல் அடையாளம். "மணலுக்குள்ள கரி ஏது?" என்று மாமா கேட்டார். அப்பா அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் யாரிடமும் காட்டுவதில்லை.

அம்மாவைக் கோயிலுக்குப் பின்னால், பெரியம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒன்பதாம் தேதி அவள் பெயரை மாமா முதலில் கூப்பிடுவார். "நானே கூப்பிடறேன், சத்தமா" என்றார்.

அந்தக் கோழி திங்கட்கிழமைக்குப் பிறகு வரவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. திறந்த மணலின் முதல் முட்டைகளை இறந்தவளின் பெண்கள் ஒரே அடுப்பில் சுட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுவரை அவள் பசியோடு வாசலில் நிற்பாள் என்று அத்தை சொல்கிறாள். அம்மாவின் கைக்கு அருகில் இருந்ததில் இரண்டை எடுத்து, சமையல்கட்டு மண்ணில் புதைத்து வைத்திருக்கிறேன். எனக்கு அதைச் சாப்பிடப் பயமாக இருக்கிறது. உன்னோடு என்றால் சாப்பிடுவேன். ஆனால் முட்டை ரொம்ப நாள் காத்திருக்காது, அக்கா. குஞ்சு பிடித்துவிடும்.

நாளைக் கூடையில் நம் பங்கு முட்டை பதினொன்று.

எட்னா


ஹோனியாரா
2 நவம்பர், சனி

என் எட்னாவுக்கு,

ஹட்சன் இன்று சாயங்காலமே திரும்புகிறான். பக்கத்தில் நின்று, "சீக்கிரம் எழுது, கடல் உனக்காக நிக்காது" என்று அவசரப்படுத்துகிறான். அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படிக்குமுன் கூடையைத் திறந்தேன். பழக்கத்தில் நேராகக் கையை விட்டு, சூடாக இருப்பதைத் தேடினேன். இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். மூன்று முறை எண்ணினேன். பதினொன்று. கரி வைத்தது ஒன்றுமில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தையில் எல்லாரும் பார்த்தார்கள். அதன் பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

திங்கட்கிழமைப் படகில் வருகிறேன். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, கேட்கவில்லை, சொன்னேன். அந்த இரண்டு முட்டையையும் தொடாதே. அடுப்பில் சாம்பல் நிறைய சேர்த்து வை. எலுமிச்சை முள் ஒன்று ஒடித்து வை. ஓட்டை நான் போடுகிறேன். அம்மா எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள், நான்தான் மறந்தேன். அடுப்புக்கு இடப்பக்கம் யாரையும் உட்கார விடாதே.

கூடையைக் கவிழ்த்துத் தட்டியபோது அடியில் ஒரு பிடி மணல் இருந்தது. நீ போட்டிருக்க மாட்டாய், நீ இலைதான் போடுவாய். கையில் அள்ளினேன். இன்னும் சூடாக இருந்தது. அதைத் துணியில் முடிந்து, இடுப்பில் செருகியிருக்கிறேன். ஊருக்குக் கொண்டுவருகிறேன்.

மாட்லின்